கம்பியில்லாத் தீவின் காவல்நாய்

காப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்தால், நாம் கேட்ட பக்கத்துக்குப் பதில் வேறொரு பக்கம் வந்து 'முதலில் பதிவு செய்' என்கிறதே, அது எப்படி என்று இலக்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல உதாரணம் நான் வசிக்கும் தீவிலேயே இருக்கிறது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, மொன்றியல் தீவின் மேற்கே உள்ள ஊர். இந்தத் தீவில் 2003-இல் தன்னார்வலர்கள் சிலர் 'இல் சான் ஃபில்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிரெஞ்சில் 'கம்பியில்லாத் தீவு' என்று பொருள். கஃபேக்களிலும் பொது இடங்களிலும் இலவச இணையம் தருவது நோக்கம். அதற்காக அவர்கள் எழுதிய திறமூல மென்பொருள்தான் 'வைஃபைடாக்'. பெயரிலேயே காவல்நாய் இருக்கிறது. லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி போன்ற மலிவான வீட்டுப் பெட்டியிலேயே அது ஓடியது.

கருவி அணுகுபுள்ளியோடு இணைவதை இந்த நாய் தடுப்பதில்லை. அடுத்த படியைத்தான் தடுக்கிறது. புதிய கருவிக்கு ஐ.பி. முகவரி கிடைக்கும். ஆனால் எந்த வலைப்பக்கத்தைக் கேட்டாலும் பெட்டி வழிமறித்து, மத்திய வழங்கியின் நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். கடவுச்சொல் சரியென்றால் வழங்கி ஒரு டோக்கன் தரும், கோயிலில் செருப்பு விடுமிடத்தில் தருவது மாதிரி. உலாவி அதைப் பெட்டியிடம் நீட்டும். பெட்டி அதை அப்படியே நம்பாமல், வழங்கியிடம் நேரடியாக விசாரிக்கும். ஆமென்று பதில் வந்தால்தான் அந்தக் கருவியின் ஐ.பி., மேக் முகவரிகளுக்கு வழிவிடும்.

உள்ளே விடுவதைவிட, ஆள் போய்விட்டாரா என்று அறிவதுதான் கடினம். யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. முந்தைய சில மென்பொருள்களில் இதற்காக ஒரு சிறு சாளரத்தை மூடாமல் வைத்திருக்க வேண்டும். வைஃபைடாக் அந்தத் தொல்லையை ஒழித்தது. எத்தனை பைட்டுகள் போய்வந்தன என்று அவ்வப்போது எண்ணும். வெகுநேரம் அசைவில்லையென்றால் கதவைச் சாத்திவிடும்.

காலம் மாறிவிட்டது. பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். ஆகிவிட்டதால், நடுவில் புகுந்து திருப்பினால் உலாவி எச்சரிக்கிறது. எனவே கைபேசிகள் இணைந்தவுடன் தாமே ஒரு சாதாரணப் பக்கத்தைக் கேட்டு, வழியில் காவல் உண்டா என்று சோதிக்கின்றன. நுழைவுப் பக்க முகவரியைப் பெட்டியே அறிவிக்கும் முறையும் 2015-இல் தரப்படுத்தப்பட்டது. ஆண்ட்ராய்ட் 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் கைபேசிகள் உண்மையான மேக் முகவரியை மறைத்துத் தற்செயலான ஒன்றைக் காட்டுகின்றன. முகவரியை வைத்து ஆளை அடையாளம் காண்பது இனி எளிதல்ல.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல் கேட்பதால் அந்த இணைப்பு பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கடவுச்சொல் கதவுக்கு மட்டுமே. பூட்டுக்குறி இல்லாத கம்பியில்லா வலையில் உங்கள் கருவி அனுப்புவதைப் பக்கத்து மேசைக்காரரும் பிடிக்கலாம். உங்கள் மேக் முகவரியை நகலெடுத்து உங்கள் பெயரிலேயே உள்ளே போகவும் முடியும். வங்கிக் கணக்கைத் திறக்குமுன் உலாவியில் எச்.டி.டி.பி.எஸ். இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாதீர்கள். வாசலில் நாய் இருந்தாலும், உள்ளே பேசுவதை அது காப்பதில்லை.