தானாக நிற்கும் எஞ்சின்

வன்னி வீதியில் வாகனங்கள் – 9

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஏதாவது ஒரு கராஜில் அரை மணித்தியாலம் நின்றால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். "அண்ணை, இந்த வேகன் ஆர் ரெயில் கேற்றடியில நிண்டவுடன தானா ஓஃப் ஆகுது. பிறேக்கில இருந்து காலை எடுத்தவுடன திரும்ப ஸ்ரார்ட் ஆகுது. எஞ்சின் கெதியில பழுதாகாதோ?" பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "பழுதாகும்தானே. உந்தப் பட்டனை அமத்தி ஓஃப் பண்ணிப்போட்டு ஓடுங்கோ."

இந்தப் பதிலை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வராது. அதைச் சொல்பவர்களில் மூத்தவர்கள், ஒவ்வொரு ஸ்ரார்ட்டும் எஞ்சினைத் தின்ற ஒரு காலத்தில் தொழில் பழகியவர்கள். அந்தக் காலத்தைப் பேசாமல் இன்றைய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு எரிபொருள் போவது தடைப்பட்டது. வன்னியில் அந்த நிலை, 2002இல் ஏ-9 வீதி திறக்கும் வரை நீடித்தது. பெற்றோல் கிடைத்தாலும் போத்தல் கணக்கில்தான். விலையோ கிட்ட நெருங்க முடியாதது. மண்ணெண்ணெய்கூட அளவோடுதான் வந்தது. ஆனாலும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளும் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் சூப்பியில் பெற்றோல் வைத்திருந்து, கார்பரேற்றருக்குள் சில துளி பீச்சி, எஞ்சின் பிடித்து ஓரளவு சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7, 8 அளவில்தான் இருந்தது. அதனால்தான் இந்த மட்டமான எரிபொருளையும் அவை தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் எங்கே போகும்? சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயிலால் கிராங்கைத் தாங்க முடியாது. எஞ்சின் சூடாக ஓடும்போது இந்தக் கேடு குறைவு, குளிர்ந்த நிலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது மிக அதிகம். ஆகவே ஒருமுறை பிடித்த எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருப்பதுதான் அன்றைக்குப் புத்திசாலித்தனம். பெற்றோலும் மிச்சம், பெயரிங்கும் மிச்சம்.

இது நம்மவர்களின் கைவைத்தியம் மட்டுமல்ல. பிரிட்டனில் பெர்குசன் ரீ.ஈ. 20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவு எண்ணெயில் ஓடவென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதையும் பெற்றோலில்தான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், அடுத்த ஸ்ரார்ட் மண்ணெண்ணெயில் நனைந்த சிலிண்டரோடு நடக்கக் கூடாது என்பதற்காக. எண்ணெய் கலந்து கெடுவதால் ஒயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

எஞ்சினைத் தேய்ப்பது ஸ்ரார்ட்டின் எண்ணிக்கையை விட, அது எந்த நிலையில் ஸ்ரார்ட் ஆகிறது என்பதுதான். ஓடும் எஞ்சினில் கிராங் ஷாஃப்ற் பெயரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒயில் படலம் ஒன்று அழுத்தத்தோடு நிற்கும், ஷாஃப்ற் அதன்மேல் மிதக்கும். எஞ்சின் நின்றதும் படலம் நசுங்கி, உலோகம் உலோகத்தில் உட்காரும். திரும்ப ஸ்ரார்ட் ஆகும் முதல் சில சுற்றுகளில்தான் உரசல். இரவு முழுக்க நின்ற வாகனத்தை விடியற்காலை எடுக்கும்போது ஒயில் எல்லாம் கீழே வடிந்திருக்கும். மேலே ஏறி வரச் சில கணம் எடுக்கும். பெற்றோலும் கூடுதலாகச் செல்லும். ரெயில் கேற்றடியில் நாலு நிமிடம் நின்ற எஞ்சினிலோ ஒயில் சூடாக, வழிகளில் நிறைந்தபடியே இருக்கும். இரண்டும் ஸ்ரார்ட்தான், ஆனால் ஒரே ஸ்ரார்ட் அல்ல. எஞ்சினைத் தானாக நிறுத்தும் அமைப்போ, குளிர்ந்த எஞ்சினை நிறுத்தவே நிறுத்தாது. தண்ணீர்ச் சூடு போதாவிட்டால், பற்றறி தளர்ந்திருந்தால், உள்ளே வெக்கை அதிகமாகி ஏசிக்கு வேலை கூடினால் அது பேசாமல் இருந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் "இது வேலை செய்யுதில்லை" என்று கராஜுக்குக் கொண்டுவரப்படும் கார்களில் பலவற்றுக்கு ஒரு பழுதும் இல்லை.

உரசல் சிறிதென்றாலும் தடவைகள் கூடினால் கணக்குக் கூடும் என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. பெயரிங் செய்யும் நிறுவனங்கள் இதற்கென்றே மேற்பரப்பில் பொலிமர் பூச்சுள்ள பெயரிங்குகளைக் கொண்டுவந்தன. பெடரல் மோகுலின் ஐறொக்ஸ் அவற்றில் ஒன்று. சாதாரண ஸ்ரார்ட்டர் மோட்டார் 50,000 தடவை அளவுக்கு வடிவமைக்கப்படும் என்றால், இந்த வகைக் கார்களுக்கானது சில இலட்சம் தடவைக்கு. நாளுக்கு 20 தடவை என்று வைத்தாலும் பத்து வருடத்தில் 73,000தான் வரும். வன்னியில் நாளுக்கு 20 தடவை நிறுத்த இடமேது? ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை கால் பிறேக்கைத் தேடுவது மாடு குறுக்கே வந்தால்தான்.

எஞ்சினைத் தானாக நிறுத்தும் எண்ணம் புதிதுமல்ல. 1970களிலேயே ரொயோட்டா தன் கிறவுண் காரில் பரீட்சித்துப் பார்த்தது. 1990களில் வொக்ஸ்வாகன் ஒரு கோல்ஃப் காரில் போட்டது, வாங்குவார் அதிகமில்லை. புகைக் கட்டுப்பாடு இறுகிய பிறகுதான் உலகெங்கும் பரவியது.

நம்மூருக்கு அது வந்தது ஜப்பான் வழியாக, போருக்குப் பின். 2012இல் வந்த வேகன் ஆர், முற்றாக நிற்பதற்கு முன்பே, வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே வந்ததும் எஞ்சினை நிறுத்தியது. முன் இருக்கையின் கீழே ஒரு சிறு லிதியம் பற்றறி, பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து வைத்தது. எஞ்சின் நின்றாலும் குளிர்க்காற்று உடனே வெக்கையாகாதபடி, ஏசிக்குள் குளிரைச் சேமிக்கும் பொருள் ஒன்றையும் வைத்தார்கள். நம் வெயிலுக்கு நான் மிகவும் மதிக்கும் யோசனை அது. 2014இல் வந்ததில், எஞ்சினைத் திரும்ப எடுப்பது பல்லுச்சில்லு ஸ்ரார்ட்டர் அல்ல, பெல்ட்டால் சுழற்றும் மோட்டார்–ஜெனறேற்றர். சத்தமும் இல்லை, பல் தேய்மானமும் இல்லை. பிறியஸ், அக்குவா போன்றவற்றில் பழைய ஸ்ரார்ட்டரே கிடையாது. பெரிய மின்மோட்டார் எஞ்சினை நல்ல வேகத்துக்குச் சுழற்றிய பிறகே பெற்றோல் விடப்படும். ஒயில் அழுத்தம் முதலில், நெருப்புப் பிறகு. அந்த எஞ்சின்கள் ஒரே பயணத்தில் எத்தனை தரம் நின்று எழுகின்றன என்பதை நினைத்தால் "ஸ்ரார்ட் கூடினால் எஞ்சின் போகும்" என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

அப்படியானால் எது பழுதாகிறது? பற்றறி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் வீதியில் ஓடும் பெரும்பாலானவை பத்து வருடத்தை எட்டியவை, அல்லது தாண்டியவை. ஜப்பானில் போட்டு வந்த பற்றறி எப்போதோ செத்துப் போயிருக்கும். அதன் இடத்தில் விலை பார்த்துச் சாதாரண பற்றறி. தானாக நிறுத்தும் கார்களுக்கென்று செய்யப்படும் பற்றறியில் எம்-42, கியூ-85 போன்ற குறி இருக்கும். அது ஆழமாக இறங்கி விரைவாக ஏறப் பழக்கப்பட்டது. சாதாரண பற்றறியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் விளக்குக்கும் ஃபானுக்கும் இறக்கினால் தட்டுகளில் ஈய சல்பேற் படிந்து இறுகிவிடும். அதோடு வெக்கை, ஈயப் பற்றறிக்குச் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில் கணக்கு. பலர் பற்றறியை மாற்றியதும் காரின் கணினியில் பழைய கணக்கை அழிப்பதில்லை. புதிய பற்றறியையும் பழையதென்றே நினைத்து அமைப்பு மௌனமாகிவிடும்.

அடுத்தது ஒயில். மண்ணெண்ணெய்க் காலத்தில் தடித்த ஒயில் போட்டது நியாயம்; கலந்து தண்ணியாகப்போவதை முன்கூட்டியே ஈடுசெய்தது. அதே பழக்கத்தில் 0டபிள்யூ-20 கேட்கும் 660 சிசி எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது அநியாயம். சின்ன வழிகளில் தடித்த ஒயில் மெதுவாகத்தான் ஏறும். ஸ்ரார்ட்டின் முதல் சுற்றுகளில் எஞ்சின் காத்திருப்பது அந்த ஒயிலுக்காகத்தான். அமைப்பின் மேல் பழி போடும் பல தேய்மானங்களின் வேர், காலம் கடந்த ஒயிலிலும் கிறவல் புழுதி அடைத்த எயார் ஃபில்டரிலும் இருக்கிறது.

இவ்வளவும் எவ்வளவு பெற்றோலுக்காக? சின்னக் கார் சும்மா நின்று ஓட மணிக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும். ரெயில் கேற்றடியில் ஐந்து நிமிடம் என்றால் 40 மில்லிலீற்றர். பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் நிறுத்தி எடுப்பதே மிச்சம் என்பது அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடம் அளந்து சொன்னது. ஏ-9இல் நேராக ஓடுபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் 2022இல் கியூ.ஆர். அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வாங்கி ஓடியவருக்கும், சூப்பியில் பெற்றோல் துளி எண்ணியவருக்கும் 40 மில்லிலீற்றரின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பட்டனை நானும் சில இடங்களில் அமத்துவேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இரண்டடிக்கு ஒருமுறை நகரும் வரிசையில்; மழையில் வெள்ளம் நிற்கும் வீதியில்; பற்றறி தளர்ந்திருப்பது தெரிந்தும் மாற்றக் காசு சேரும் வரை; ரேர்போ உள்ள காரில் வேகமாக ஓடி வந்து உடனே நிற்கும்போது. ரேர்போவின் சூடு இறங்க ஒரு நிமிடமாவது ஒயில் ஓடட்டும். மற்ற நேரங்களில் அது தன் வேலையைப் பார்க்கட்டும் என்று விடுங்கள். காரின் கைநூலில் உள்ள ஒயில் இலக்கத்தையும் பற்றறிக் குறியையும் எழுதி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.

ஹைபிறிட் கார்களின் பெரிய பற்றறியை நம்மூர் வெக்கை என்ன செய்கிறது என்பது அடுத்த வாரம்.