நோயைத் தாங்கிய நெல் ஏன் ஒரு போகத்தில் தாங்காமற் போகிறது?

"போன போகமும் இதே விதைதான். ஒரு புள்ளிகூட விழேல்லை. இந்தமுறை எல்லாம் பதராப் போச்சு."

எரிபந்த நோய் விழுந்த வயலின் வரம்பில் நின்று இப்படிச் சொல்லாத கமக்காரர் குறைவு. முதலில் இலையில் இரு முனையும் கூர்ந்த, கண் போன்ற புள்ளிகள் தோன்றும். பிறகு கதிரின் கழுத்துக் கறுத்து முறியும். நெல் மணிக்குள் பால் பிடிக்காது. இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் காணிக்குத் திரும்பி, கடன்பட்டு உழுது, கிடைத்த ஒரேயொரு விதைநெல்லை விதைத்த குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்தப் போகம் தவறினால் மறுபடியும் உலர் உணவு நிவாரணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். விதை தந்தவர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருவதும் இயற்கையே.

ஆனால் விதை நல்ல விதையாகவே இருந்திருக்கலாம். மாறியது நோயாக இருக்கலாம். இதை ஐயமின்றிக் காட்டியவர் நெல்லையே பயிரிடாத குளிர்ப் பிரதேசமொன்றில் வேலைசெய்த ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் ஹரோல்ட் ஹென்றி புளோர். 1900இல் பிறந்த இவர், 1931இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் உள்ள பார்கோ நகருக்கு வந்து, ஆளிச் செடியின் துரு நோயை ஆராயத் தொடங்கினார். ஆளி எமக்குப் பழக்கமில்லாத பயிர். எனினும் கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் அதன் விதையிலிருந்துதான் வருகிறது. அதைத் தாக்கும் துருவும் எமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, எமது கோப்பித் தோட்டங்களை அழித்து, மலைநாட்டைத் தேயிலைக்கு மாறச் செய்த கோப்பித் துருவும் அதே பங்கசுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

நோயைத் தாங்கும் குணம் தாய் தந்தைச் செடிகளிலிருந்து பிள்ளைச் செடிக்கு ஒழுங்கான கணக்கின்படி இறங்குகிறது என்பது புளோருக்கு முன்பே தெரிந்திருந்தது. இங்கிலாந்தில் பிபன் என்பவர் 1905இல் இதைக் கோதுமையில் காட்டியிருந்தார். ஆனால் பெரும்பாலோர் செடியின் பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள். தாக்கும் பங்கசுவுக்கும் தாய் தந்தை உண்டு, அதற்கும் பரம்பரை உண்டு. புளோர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்தார்.

பங்கசுவைக் கலப்புச் செய்வது மாட்டை இனக்கலப்புச் செய்வது போன்றதல்ல. ஆளித் துருவின் ஒருவகை வித்திகள் தண்டிலே கறுத்த மேலோடாகக் குளிர்காலம் முழுதும் உறங்கிக் கிடக்கும். குளிர் கழிந்தபின் அவை முளைத்து, இளஞ்செடியில் சிறு கொப்புளங்களை உண்டாக்கும். அவற்றில் தேன் போன்ற துளி கசியும். ஒரு கொப்புளத்தின் தேனை எடுத்துப் பொருத்தமான இன்னொன்றில் தடவினால் கலப்பு நடக்கும். வயலில் ஈக்களும் பூச்சிகளும் செய்யும் இந்த வேலையைப் புளோர் தம் கையால் செய்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் எவ்வளவு பொறுமை வேண்டுமென்று கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் எடுத்த துரு வகைகள் இரண்டு. அவற்றின் இலக்கங்கள் 22, 24. ஆளி இனங்களும் இரண்டு. ஒன்றின் பெயர் ஒட்டாவா, மற்றதன் பெயர் பம்பாய். 22ஆம் துரு ஒட்டாவாவைத் தாக்கும், பம்பாயைத் தாக்காது. 24ஆம் துரு பம்பாயைத் தாக்கும், ஒட்டாவாவைத் தாக்காது. இரண்டு துருவையும் கலந்தபோது கிடைத்த முதல் தலைமுறையால் எந்த ஆளியையும் தாக்க முடியவில்லை. நோய் தோற்றுவிட்டது என்றே பார்ப்பவர் நினைத்திருப்பார். ஆனால் அடுத்த தலைமுறையில் அவர் சோதித்த 133 துருக்களில் 78 இரண்டையும் தாக்கவில்லை. 50 துருக்கள் ஏதாவது ஒன்றைத் தாக்கின. மிகுதி 5 துருக்கள் இரண்டு இனத்தையும் தாக்கின. பாட்டன் பாட்டி எவரிடமும் இல்லாத வல்லமை பேரப்பிள்ளைகள் ஐந்துபேரில் வெளிப்பட்டது.

ஆளிச் செடிகளையும் அதேபோலக் கலந்து பார்த்தார். இரண்டாம் தலைமுறையின் 194 செடிகளில் 9 செடிகள் இரண்டு துருவுக்கும் இரையாகின. செடியில் நோயைத் தடுக்கும் ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் பங்கசுவில் அதற்கு நேரான ஒரு பரம்பரையலகு இருக்கிறது என்று புளோர் முடிவுசெய்தார்.

இதை எமது வளவுக் காவலைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். உங்கள் நாய்க்கு ஒரே ஒரு கள்ளனின் மணம்தான் தெரியும் என்று வையுங்கள். அந்த மணத்தோடு வருபவன் பிடிபடுவான். அந்த மணம் இல்லாதவன் வந்தால் நாய் படுத்தே கிடக்கும். நாய்க்கு நோயுமில்லை, கிழமுமில்லை. வந்தவனைத்தான் அதற்குத் தெரியாது. செடியின் தடுப்புப் பரம்பரையலகு அந்த நாயைப் போன்றது. பங்கசுவைக் காட்டிக்கொடுக்கும் பரம்பரையலகு அந்த மணத்தைப் போன்றது. பங்கசு அதை இழந்தால் போதும், உள்ளே வந்துவிடும்.

புளோர் 1991இல் காலமானார். அவர் கணக்கில் மட்டும் கண்ட ஆளிப் பரம்பரையலகுகளில் ஒன்றை 1995இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் இருந்த ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதற்கு நேரான துருப் பரம்பரையலகும் 2004இல் அறியப்பட்டது. துரு சுரக்கும் புரதத்தைச் செடி இனங்கண்டதும் அவ்விடத்துக் கலங்கள் தாமே மடிகின்றன. உயிருள்ள இழையத்தில் மட்டுமே வாழும் துரு அதனால் பட்டினியாகிச் சாகிறது. எரிபந்தப் பங்கசுவிலும் நெல்லிலும் இப்படியான ஒரு சோடி 2000ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் பரம்பரையலகை முழுதாகத் தொலைத்துவிட்டாலும் எரிபந்தப் பங்கசு உயிர்வாழ்ந்து நெல்லைத் தாக்கவல்லது.

இந்த அறிவுக்குக் கொடுத்த விலையும் உண்டு. தென்கொரியாவில் 1970களில் தொங்கில் என்ற நெல்லினம் அரசின் ஊக்குவிப்போடு பரந்த அளவில் விதைக்கப்பட்டது. விளைச்சல் பெருகியது. 1978இல் எரிபந்தம் அதைக் கடுமையாகத் தாக்கியது. ஒரே இனம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கும்போது, புளோர் கண்ட அந்த ஐந்தைப் போன்ற ஒரு வித்தி எங்கு விழுந்தாலும் அதற்கு உணவு உண்டு.

ஆகவே நிவாரணமாக விதை வழங்குவோரிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு வெளி முழுவதற்கும் ஏன் ஒரே இனம்? நீர் திறக்கும் முறைக்கு ஏற்ப ஒரே வயதுடைய இரண்டு மூன்று இனங்களை அயலவர்கள் பகிர்ந்து விதைக்க முடியுமா என்று கமக்காரர் அமைப்பில் பேசிப் பார்க்கலாம். எந்த இனங்கள் பொருந்தும் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறியலாம். நோய் விழுந்த வயலில் விதைநெல் எடுக்காதீர்கள். பச்சை பிடிக்கட்டும் என்று யூரியாவை அள்ளி வீசுவதும் எரிபந்தத்தைக் கூப்பிடுவதாகும். பசளை இலவசமாகக் கிடைத்தாலும் அப்படித்தான்.

சீனாவின் யுனான் மாகாணத்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். அங்கே ஒட்டும் தன்மையுள்ள ஒருவகை நெல்லுக்கு நல்ல விலை. ஆனால் எரிபந்தம் அதை விடாது. 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கமக்காரர்கள், நோய் தாங்கும் கலப்பின நெல்லின் வரிசைகளுக்கிடையே ஒட்டுநெல்லை ஒரு வரிசையாக நட்டார்கள். இரண்டாம் வருடத்தில் மட்டும் 3,342 ஹெக்டயர். தனியே நட்ட வயலோடு ஒப்பிடும்போது, ஒட்டுநெல்லில் எரிபந்தத்தின் கடுமை 94 வீதம் குறைந்தது. அதன் விளைச்சல் 89 வீதம் கூடியது. இரண்டு வருடம் முடியுமுன் பங்கசுநாசினி தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒட்டுநெல் மற்றதைவிட உயரமாக நிற்பதால், அறுவடையின்போது அதைக் கையால் தனியே அறுத்தெடுப்பதும் அவர்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை.