பளபளக்கும் கார்... உள்ளே ஒளிந்திருக்கும் "கள்ளன்"! பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் உஷார்!

காரைப் பார்த்ததுமே மயங்கி விட்டார் அவர்.

சிவப்பு நிறம். இரண்டே சீட். மேலே துணிக் கூரை. மடக்கி விட்டால் காற்று முகத்தில் அடிக்கும். விலையோ புதுக் காரின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஓட்டிப் பார்த்தார். புலி மாதிரிப் பாய்ந்தது. உடனே பணத்தை எண்ணிக் கொடுத்து விட்டு வீட்டுக்கு ஓட்டி வந்து விட்டார்.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். குச்சியின் நுனியில் கூட ஆயில் இல்லை! பின்னால் குழாயில் நீலப் புகை. பட்டறைக்குக் கொண்டு போனார். மெக்கானிக் பிரித்துப் பார்த்து விட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், என்ஜின் போச்சு!"

இங்கிலாந்தில் இப்படி ஒரு குமாஸ்தா இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஆள் கற்பனைதான். ஆனால் கார் கற்பனை அல்ல. அதற்கு வந்த நோயும் கற்பனை அல்ல. அந்த மாடலைப் பழசாக வாங்கி, இப்படித் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

அந்தக் காரின் பெயர் டொயோட்டா எம்.ஆர்.2. என்ஜினைக் கொன்ற கள்ளன் யார் தெரியுமா? "எக்சாஸ்ட் மேனிபோல்டு" என்ற ஒரு குழாய்க் கொத்து!

அது என்ன மேனிபோல்டு?

சைலன்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மூத்த அண்ணன் இந்த மேனிபோல்டு. என்ஜினை ஒட்டியே போல்ட் போட்டு முடுக்கி இருப்பார்கள்.

நாலு தெருச் சாக்கடையும் வந்து ஒரு பெரிய வாய்க்காலில் சேருகிறது அல்லவா? அதே கதைதான். நாலு சிலிண்டரிலும் எரிந்து முடிந்த புகையை வாங்கி, ஒரே குழாயில் சேர்த்துப் பின்னால் அனுப்புவது இதன் வேலை.

வேலை சுலபம். ஆனால் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. காலையில் கார் நிற்கும்போது ஜில்லென்று இருக்கும். வேகமாக ஓட்டினால் உள்ளே போகும் புகையின் சூடு 800 டிகிரி சென்டிகிரேடைக் கூடத் தாண்டும். இரும்பு விரியும். வண்டியை நிறுத்தினால் சுருங்கும். மறுநாள் மறுபடி விரியும், சுருங்கும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒருநாள் பட்டென்று ஒடிகிறதே, அந்த மாதிரி மேனிபோல்டும் ஒருநாள் வெடிப்பு விடும். இல்லாவிட்டால் போல்ட் ஒடியும். கேஸ்கட் எரிந்து போகும்.

சாதாரணக் காரை விட ஸ்போர்ட்ஸ் காரில் இந்தத் தொல்லை கூடுதல். காரணம், அதை வாங்குகிறவர்கள் மெதுவாக ஓட்டுவதற்கா வாங்குகிறார்கள்? விரட்டுகிறார்கள்! அதோடு பல ஸ்போர்ட்ஸ் கார்களில் என்ஜின் முன்னால் இருப்பதில்லை. டிரைவர் முதுகுக்குப் பின்னால் நெருக்கி அடைத்து வைத்திருப்பார்கள். எதிர்க்காற்று பட்டு ஆறுவதற்கு வழி குறைவு.

சம்பளக்காரரின் ஸ்போர்ட்ஸ் கார்

எம்.ஆர்.2 காரின் முதல் மாடல் வந்தது 1984-ல். நாம் சொல்லும் மூன்றாவது மாடல் 1999-ல் வந்து 2007-ல் நின்று போனது. 1,800 சி.சி. என்ஜின். வண்டியின் எடை ஒரு டன் அளவுதான். எடை குறைவு என்பதால் சிட்டாகப் பறக்கும். கோடீஸ்வரனாக இருக்க வேண்டியதில்லை, மாதச் சம்பளக்காரர் கூட ஆசைப்படலாம் என்ற விலையில் வந்த கார். பழசாக வாங்கினால் இன்னும் மலிவு.

இதன் மேனிபோல்டுக்குள் ஒரு விசேஷம் உண்டு. புகையில் உள்ள நச்சைக் குறைக்கப் புதுப் பெட்ரோல் கார்களில் "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்" வைக்கிறார்கள். உள்ளே பீங்கானால் செய்த தேன்கூடு போன்ற ஒரு கட்டி. அதன் மேல் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகப் பூச்சு. இது சூடானால்தான் வேலை செய்யும். காரைக் கிளப்பியதும் சீக்கிரம் சூடாகட்டும் என்று, பெரிய கன்வெர்ட்டர் பின்னால் இருக்க, இரண்டு சின்னக் கன்வெர்ட்டர்களை மேனிபோல்டுக்கு உள்ளேயே வைத்து விட்டார்கள்.

நல்ல எண்ணம்தான். வினையும் அங்கேதான் வந்தது!

உடைந்த பீங்கான் எங்கே போகும்?

வருடங்கள் ஓட ஓட, சூட்டிலும் ஆயில் புகையிலும் அந்தப் பீங்கான் தேன்கூடு பொடிந்து உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த பொடி புகையோடு பின்னால் போனால், பெரிய கன்வெர்ட்டரில் போய் அடைக்கும். வண்டி இழுக்காது. அது பரவாயில்லை.

திரும்பி என்ஜினுக்குள் போனால்?

"வெளியே போகிற வழியில் இருப்பது எப்படி உள்ளே போகும்?" என்று கேட்பீர்கள். காற்றை உள்ளே விடும் வால்வும், புகையை வெளியே விடும் வால்வும் ஒரு கண நேரம் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் புகை திரும்பி உள்ளே இழுக்கப்படும். அதோடு பீங்கான் பொடியும் போகும்.

பீங்கான் பொடி என்றால் சாதாரணமா? உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி சிலிண்டர் சுவரைக் கீறி விடும். பிஸ்டன் ரிங் தேயும். ஆயில் மேலே ஏறி எரியும். அந்த ஆயில் புகை மிச்சம் இருக்கும் பீங்கானையும் கெடுக்கும். அது இன்னும் உதிரும். பிறகென்ன... ஒன்றை ஒன்று தின்று என்ஜினையே முடித்து விடும்!

இந்தக் காரின் ஆரம்ப கால வண்டிகளில் பிஸ்டனிலேயே ஒரு குறை இருந்தது. ரிங்கில் வழித்த ஆயில் திரும்பி வடிவதற்கான துளைகள் சிறியவை. கரி அடைத்துக் கொண்டால் வண்டி ஆயில் குடிக்கும். பின்னால் வந்த வண்டிகளில் பிஸ்டனை மாற்றி அமைத்தார்கள். ஆகவே, "முதலில் ஆயில் எரிந்து பீங்கான் உடைந்ததா, பீங்கான் உடைந்து ஆயில் எரிந்ததா?" என்று இந்தக் கார் பிரியர்கள் நடத்தும் சண்டை, கோழி முதலா முட்டை முதலா சண்டைதான்.

வாங்குகிறவருக்கு அந்தச் சண்டை எதற்கு? இரண்டில் எது முதலில் வந்தாலும் போவது நம்ம காசு!

அதற்காக எல்லா வண்டியும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். ஒழுங்காக ஆயில் மாற்றி, ஒரு லட்சம் மைலையும் தாண்டி ஓடிய எம்.ஆர்.2 கார்களும் உண்டு. எது நல்லது, எது கெட்டது என்று பெயிண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் சிக்கல்.

பெராரியையும் விடவில்லை!

மலிவு கார்தானே, அதனால்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இத்தாலியில் மாரனெல்லோ ஊரில் செய்யும் பெராரி காரையும் இந்த நோய் விடவில்லை.

1994 முதல் 1999 வரை வந்த பெராரி எப் 355. எட்டு சிலிண்டர். சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் மொத்தம் 40 வால்வு! கேட்டாலே மலைப்பாக இருக்கிறதா? இந்தக் காரைப் பழசாக வாங்கப் போகிறவரிடம் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "மேனிபோல்டு மாற்றிய வண்டியா?" என்பதுதான்.

இங்கே பீங்கான் அல்ல, குழாயே வெடிப்பு விடும். குழாய்களின் மேல் சூட்டைத் தடுக்கக் கவசம் போட்டு மூடி இருப்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஓட்டை வழியாக வெளிக்காற்று புகையில் கலந்தால், ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சென்சார் ஏமாந்து போகும். "பெட்ரோல் போதவில்லை" என்று கம்ப்யூட்டருக்குத் தப்பாகச் சொல்லும். அது பெட்ரோலை அள்ளி ஊற்றும். கவனிக்காமல் ஓட்டினால் வால்வுக்கே ஆபத்து. மேனிபோல்டு மாற்றவே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். வால்வும் போனால் கேட்க வேண்டுமா?

காதைத் தீட்டு! டார்ச் அடி!

அப்படியானால் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையையே விட்டு விடுவதா? வேண்டாம். பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக் கொண்டு பணத்தைக் கொடுக்கவும் வேண்டாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் செலவு செய்தால் போதும். பார்க்க வேண்டியவை இதோ:

1. போனதும் முதல் வேலை, என்ஜின் மூடி மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உஷார்! நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிச் சூடேற்றி விட்டார்கள் என்று அர்த்தம். "ஆறட்டும், அப்புறம் வருகிறேன்" என்று சொல்லி விட்டு டீ குடிக்கப் போங்கள்.

2. ஆறிய என்ஜினைக் கிளப்பச் சொல்லி, பக்கத்தில் நின்று கேளுங்கள். "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம் வந்து, ஐந்து பத்து நிமிடத்தில் சூடானதும் அடங்கிப் போகிறதா? வெடிப்போ, கேஸ்கட் ஓட்டையோ இருக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து ஓட்டையை அடைத்துக் கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. சரியாகி விட்டது என்று ஏமாந்து விடாதீர்கள்.

3. மேனிபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தில் கரிக்கோடு இருக்கிறதா, போல்ட் எதுவும் காணாமல் போயிருக்கிறதா, வெல்டிங் வைத்த தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

4. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால், "எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஆயில் ஊற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவர் முகத்தையும் பாருங்கள்.

5. சாவியைத் திருப்பியதும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கிளப்பியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

6. ஓட்டிப் பார்த்து விட்டு, கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டுப் பிறகு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

7. எம்.ஆர்.2 மாதிரி மேனிபோல்டுக்குள் கன்வெர்ட்டர் உள்ள வண்டி என்றால் மேலே சொன்னவை போதாது. பீங்கான் உதிர்வது சத்தம் போடாது! தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், என்ஜின் ஆறியதும் மேனிபோல்டில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றச் சொல்லுங்கள். அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் தேன்கூடு முழுசாக இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தெரிந்து விடும். கூடவே சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து விடுவது நல்லது.

"அதெல்லாம் கழற்ற விட மாட்டேன்" என்று விற்பவர் சொன்னால்? கும்பிடு போட்டு விட்டு வந்து விடுங்கள். ஊரில் ஒரே கார் அல்ல!

பேரம் பேச ஒரு பிடி

குறை தெரிந்தால் உடனே ஓட வேண்டும் என்பதும் இல்லை. தேன்கூடு முழுசாக இருந்து, ஆயிலும் குறையவில்லை என்றால், சின்னக் கன்வெர்ட்டர் இல்லாத வேறு மேனிபோல்டை முன்கூட்டியே மாற்றிக் கொள்பவர்கள் உண்டு. பின்னால் உள்ள பெரிய கன்வெர்ட்டரை அப்படியே வைத்துக் கொள்வார்கள். அந்தந்த ஊர்ப் புகைச் சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்று கேட்டுக் கொண்டு செய்ய வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

உடைந்து உள்ளே போன பிறகு தெரிந்தால், மேனிபோல்டு விலை அல்ல, என்ஜின் விலை! மலிவாக வாங்கிய பழைய காருக்கு இன்னொரு என்ஜின் போடும் செலவு, காருக்குக் கொடுத்த பணத்தில் பெரும் பங்கைத் தின்று விடும்.

நமக்கு என்ன?

"பெராரியும் எம்.ஆர்.2-ம் நமக்கு எதற்கப்பா?" என்று பஸ்ஸில் தொங்கிக் கொண்டே கேட்கிறீர்களா?

மேனிபோல்டு இல்லாத பெட்ரோல் கார் கிடையாது. சீட்டுப் பணம் எடுத்து, பெண்டாட்டி நகையை அடகு வைத்து, குடும்பத்தோடு கோவிலுக்குப் போகலாம் என்று நாம் வாங்கும் பழைய காரிலும் அதே குழாய்தான் இருக்கிறது. ஆறிய என்ஜினும், டிக் டிக் சத்தமும், கரிக்கோடும் அதற்கும் பொருந்தும்.

காசு மட்டும் அல்ல, உயிர் விஷயமும் இதில் உண்டு. வெடித்த மேனிபோல்டில் கசிவது கன்வெர்ட்டரைத் தொடாத பச்சைப் புகை. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணாடியை ஏற்றி விட்டு, நிறுத்திய வண்டியில் ஏ.சி. போட்டுத் தூங்குகிறவருக்கு, அது காருக்குள் புகுந்தால் தெரியவே தெரியாது. தலைவலி, மயக்கம், அப்புறம்...? சொல்லத் தேவையில்லை. காருக்குள் புகை நெடி அடித்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போய் விடுங்கள்.

புரோக்கர் கதவைத் திறந்து காட்டுவார். ரேடியோவைப் போட்டுக் காட்டுவார். சீட்டைத் தட்டிக் காட்டுவார். அவர் காட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நீங்கள் டார்ச் அடியுங்கள்.

டார்ச் லைட் சில நூறு ரூபாய். என்ஜின் எவ்வளவு என்று மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்!