சான் செபாஸ்தியானில் ஒரு விடுமுறை

ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் விடுமுறையைக் கழிக்க எண்ணுவோர் பெரும்பாலும் மத்தியதரைக் கடலையே நாடுவர். ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் அக்கரைகட்குக் குளிர்நாட்டார் விரைவது இயல்பே. ஆயின், வெயிலிற் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்குப் பெரும்பொருள் செலவிட்டுக் கடல் கடந்து சென்று மீண்டும் வெயிலையே காண்பதனால் ஆவதென்னை? ஆதலின், அத்தேசத்தின் வடகரையிலே, பிரான்சு நாட்டெல்லைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சான் செபாஸ்தியான் என்னும் ஊரை யாம் ஈண்டு எடுத்துக்கொண்டு, அங்குச் செல்லக் கருதுவோர் எவற்றை முன்னரே எண்ணித் துணிதல் வேண்டுமென்பதை விளக்கப் புகுகின்றோம்.

இவ்வூரின் பெருமைக்குக் காரணமாயினார் வெயிலுக்கு அஞ்சி வந்தோரே. 1845-ஆம் ஆண்டில் இரண்டாம் இசபெல் அரசியார், தமது சருமப் பிணி தீரக் கடல்நீராடுமாறு மருத்துவர் கூற, இங்கு வந்தனர். அரசி சென்ற வழியிற் பிரபுக்களும் சென்றனர். 1863-இல் கோட்டை மதில் இடிக்கப்பட்டு ஊர் விரிந்தது. பின்னர் மரியா கிறிஸ்தீனா அரசியார் 1893-இல் மிராமார் அரண்மனையை இங்கு எழுப்பி, கோடைதோறும் மாத்ரித் நகரின் வெம்மைக்குத் தப்பி வந்து தங்குவாராயினர். அதற்கு முன்னோ ஊர் சாம்பராய்க் கிடந்ததுண்டு. 1813-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், பிரெஞ்சுப் படையினின்று ஊரை மீட்க வந்த ஆங்கிலரும் போர்த்துக்கீசருமே அதனைக் கொள்ளையிட்டுத் தீக்கிரையாக்கினர். மீட்க வந்தார் கையிற் பட்ட பாடு அது! எரியாது எஞ்சிய தெரு இன்றும் அந்நாளின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இனிக் கடலைக் கூறுவாம். ஊர்குல், இகெல்தோ என்னும் இரு குன்றுகளுக்கிடையே பிறைபோல் வளைந்து கிடப்பது குடா. அதன் வாயிலைக் காப்பதுபோற் சாந்தா கிளாரா என்னும் சிறு தீவு நிற்கின்றது. குடாவின் நீண்ட மணற்கரைக்கு லா கொன்ச்சா, அஃதாவது சிப்பி, என்று பெயர். அதன் மேற்கே ஒந்தர்ரேத்தா என்னும் மற்றொரு கரை உளது. செல்வோர் அறிந்துகொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. மத்தியதரைக் கடலில் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் கண்ணுக்குப் புலனாதல் அரிது. நம் சோழமண்டலக் கரையிலும் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினதே. இங்கோ, உவாநாட்களை யொட்டி, நான்கு மீட்டருக்கு மேலும் நீர் ஏறி இறங்கும். காலையில் அகன்று கிடந்த மணல், சில மணி நேரத்தில் ஒரு கீற்றாய்ச் சுருங்கிவிடும். வற்றத்தின்போது, கிளியலகு என்று பொருள்படும் பாறையைச் சுற்றி ஒரு கரையினின்று மற்றொரு கரைக்கு மணலிலேயே நடந்து செல்லலாம். ஏற்றத்தின்போது அவ்வழி நீருள் மறையும். ஆதலின் கோயிற்பணி நேரமும் புகைவண்டி நேரமும் அறிந்து வைப்பதுபோல, ஓத அட்டவணையையும் நாள்தோறும் பார்த்துக்கொள்ளல் இன்றியமையாதது.

ஒந்தர்ரேத்தாவுக்கும் அப்பால், குன்றின் அடிவாரத்தில், எதுவார்தோ சில்லிதா என்னும் சிற்பியின் 'காற்றின் சீப்பு' என்னும் படைப்பு உள்ளது. 1977-இல் திறக்கப்பெற்ற இது, பாறைகளிற் பதித்த மூன்று பெரும் எஃகு உருக்களால் ஆயது. அதன் முன்னுள்ள கற்றளத்தில் துளைகள் விடப்பட்டுள்ளன. அலை சீறி வருங்கால் அடியிற் சிக்குண்ட காற்றும் நீரும் அத்துளைகளின் வழியே மேலெழும். கடல் அமைதியாயிருக்கும் நாளிற் சென்றோர் பாதியையே கண்டவராவர் என்பது எம் கருத்து.

எந்த மாதத்திற் செல்வது? இவ்வூரில் ஆண்டிற்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அளவிற் சென்னையின் மழையோடு ஒப்பதே. ஆயினும் நம் நாட்டு மழைபோற் சில திங்களிற் கொட்டித் தீராது, ஆண்டு முழுதும் பகிர்ந்து பெய்யும். நுண்ணிய தூறலுக்கு அவ்வூரார் இட்ட பெயர் 'சிரிமிரி' என்பது. தமிழ்க் குழந்தையொன்று இட்ட பெயரென்றே தோன்றும்! கோடையிலும் குடை வேண்டும். ஆகஸ்டு மாதத்திற் கடல்நீரின் வெப்பம் 21, 22 பாகையை எட்டும். ஆனால் அம்மாத நடுவில் நிகழும் பெருவிழாவின்போது கூட்டம் நிறைந்து, விடுதிக் கட்டணமும் பெரிதும் உயரும். செப்டம்பரின் முதலிரு ஞாயிறுகளில் நடக்கும் படகுப் போட்டி 1879 முதல் வழங்கி வருவது. பிடித்த மீனை முந்திக் கொணர்ந்து விற்க விரைந்த மீனவரின் துடுப்புப் படகுகளே பின்னாளிற் போட்டிப் படகுகளாயின. பிட்டிருக்கும் பிழைப்புக்கும் உழைத்த கருவி விளையாட்டிற்கு வந்ததாயினும், கரையில் நிற்போர் ஆர்வத்தை நோக்கின் அதனை வெறும் விளையாட்டென்னல் இயலாது. அம்மாத இறுதியில், 1953-இல் தொடங்கிய திரைப்பட விழா விடுதிகளை நிரப்பிவிடும்.

எமது தேர்வு ஜூன் மாதமே. அப்போது நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும், நீந்துவோர் நடுங்குவர். எனினும் பகல் 15 மணி நேரம் நீளும், இரவு ஏறத்தாழப் பத்து மணிக்கே ஞாயிறு மறையும், கூட்டமும் மிகாது. 23-ஆம் நாள் இரவு, ஸ்நான யோவான் திருநாளின் முன்னிரவாக, நெருப்பு வளர்த்து மகிழ்வர்.

செல்லும் வழியைச் சுருங்கக் கூறுவோம். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் ஷெங்கன் விசா பெறுதல் வேண்டும். பல நாடுகளுக்குப் பொதுவான அவ்விசாவை, எந்நாட்டில் மிகுதியான நாள் தங்குகின்றோமோ அந்நாட்டினிடமே கேட்டல் முறை. பயணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்னும், குறைந்தது 15 நாட்களுக்கு முன்னும் என்னும் இவ்வெல்லைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பில்பாவோ வரை விமானத்திற் சென்று, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பேருந்திற் செல்வது எளிய வழி. பாரிஸ் நகரினின்று விரைவுப் புகைவண்டியில் எல்லையூராகிய ஆந்தாய் வந்து, அங்கிருந்து சிறு வண்டியிற் செல்வது இனிய வழி. சுரங்கங்கள் பலவற்றுள் நுழைந்து செல்வதால் அவ்வண்டிக்கு 'அகழெலி' என்று பெயரிட்டுள்ளனர்.

தங்குமிடம் பற்றி யாம் அழுத்திக் கூற வேண்டுவதுண்டு. ஸ்பெயினில் வீட்டு வாடகை மிக உயர்ந்த நகரங்களுள் இதுவும் ஒன்று. குடியிருப்பு வீடுகள் பயணிகட்கு நாட்கணக்கில் விடப்படுவதால், அவ்வூர்ப் பிள்ளைகளே அங்கு வாழ இடமின்றி அயலூர்களுக்குச் செல்கின்றனரென்று மக்கள் முறையிடுகின்றனர். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தென்னைரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஒரே நாளில் நிகழ்ந்த எதிர்ப்பு ஊர்வலங்களுள் இவ்வூரினதும் ஒன்று. வாடகை வீடு விடுதியறையினும் வசதியுடையதே. சமைத்துண்டு பொருளை மிச்சப்படுத்தலும் ஆகும். ஆயினும் பழைய நகரிலும், உருமேயா ஆற்றின் கீழ்கரையிலுள்ள குரோஸ் பகுதியிலும், 'பென்சியோன்' எனப்படும் சிறு விடுதிகள் இருக்க, பிறர் குடியிருக்க வேண்டிய வீட்டை நாம் நான்கு நாள் இன்பத்திற்குக் கொள்வது தகுதியெனத் தோன்றவில்லை.

உணவிற்குக் குறையில்லை. பழைய நகரின் கடைகளில் நெத்திலி, காளான், இறால் முதலியன ரொட்டித் துண்டின்மேல் அடுக்கப்பெற்றுப் 'பின்ச்சோ' என்னும் பெயரால் விற்கப்படும். பகலுணவு இரண்டு மணிக்கு. இராவுணவு ஒன்பதுக்கு முன் இல்லை. ஊன் உண்ணாதோர் சொல்லிக் கேட்டு வாங்குதல் நலம்.

தமிழ் பயில்வோர் அங்குச் செவி சாய்க்க வேண்டுவது மொழிக்கு. ஊரின் மற்றொரு பெயர் தோனோஸ்தியா. அதுவும் தூய செபாஸ்தியான் என்னும் பொருளதே. அது பாஸ்க் மக்கள் பேசும் எயுஸ்கரா மொழிச் சொல். இம்மொழிக்கு உலகில் வாழும் எம்மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. திராவிடத்தோடு உறவு காட்ட முயன்றாரும் உளர். மொழிநூலார் அதனை ஏற்றிலர். ஆயினும் 'தோனோஸ்தியாரா' என்றால் தோனோஸ்தியாவுக்கு, 'தோனோஸ்தியான்' என்றால் தோனோஸ்தியாவில், 'தோனோஸ்தியாதிக்' என்றால் தோனோஸ்தியாவிலிருந்து என்று, பெயரின் பின்னே உருபு ஒட்டுவதைக் காணும்போது நமக்கு அயன்மை தோன்றுவதில்லை. பிராங்கோ ஆட்சியில் ஒடுக்கப்பட்ட இம்மொழி, 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்பானிய மொழியோடு ஒத்த அரசுரிமை பெற்றது. கண்டவுடன் 'கைஷோ' என்றும், நன்றிக்கு 'எஸ்கெர்ரிக் அஸ்கோ' என்றும், விடைபெறுங்கால் 'அகுர்' என்றும் கூறக் கற்றுச் செல்லல் நலம்.

இம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் 1542-ஆம் ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தனர். அவரே தூய சவேரியார். பரதவரின் மொழி வேறு, தம்முடையது பாஸ்க் மொழியாதலின் ஒருவரை யொருவர் அறிந்துகொள்ள இயலவில்லையென்று அவர் தம் கடிதத்தில் எழுதினர். பின்னர் இருமொழியும் ஓரளவு அறிந்தாரைக் கூட்டி, மாதக்கணக்கில் உழைத்து, ஜெபங்களைத் தமிழிற் பெயர்ப்பித்து நெட்டுருச் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகட்குக் கற்பித்தனர். அவர் 1506-இல் பிறந்த சவியேர் கோட்டை, பாம்பலோனா நகரினின்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உளது. சான் செபாஸ்தியானில் தங்குவோர் ஒரு நாளை இதற்கென ஒதுக்கிக் காலையிற் புறப்படின், கோட்டையைக் கண்டு இரவிற்குள் மீளலாம்; மழைநாளே இதற்கு ஏற்றது, வெயில்நாளைக் கரைக்கு விட்டுவிடலாம்.