படுக்கை வரை வரும் வேலைக் கவலை

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது பாலசமுத்திரம். இந்தப் பக்கத்துத் தமிழர்களில் காலையில் பஸ் ஏறி சித்தூர், நகரி, திருப்பதி என்று வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. கடைக் கணக்கு எழுதுகிறவர், விசைத்தறியில் நிற்பவர், ஆபீஸ் குமாஸ்தா என்று தொழில் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகும் யாரையும் பிடித்துக்கொள்ளக் கூடிய தொல்லை ஒன்று உண்டு. அதுதான் தூக்கமின்மை.

உடம்பு பாயில் கிடக்கும். மனம் மட்டும் ஆபீசில் இருக்கும். கணக்கில் உதைத்த தொகை எங்கே போயிற்று? தெலுங்கில் வந்த சுற்றறிக்கையைச் சரியாகப் புரிந்துகொண்டோமா? அடுத்த மாதமும் வேலை இருக்குமா? மணி பன்னிரண்டு அடிக்கும், ஒன்று அடிக்கும், பிறகு, 'விடிந்தால் வேலைக்குப் போக வேண்டுமே, இன்னும் தூங்கவில்லையே' என்பதே புதுக் கவலையாகி விடும்.

சிறிய உத்தியோகம், பெரிய கவலை

'பெரிய அதிகாரிக்குத்தான் பொறுப்பும் கவலையும். சாதாரண குமாஸ்தாவுக்கு என்ன வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. லண்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே அரசாங்க ஆபீசுகளில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை 1967-ல் தொடங்கி டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். 'வைட்ஹால் ஆய்வு' என்று அதற்குப் பெயர். உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடையே இருதய நோயால் ஏற்பட்ட மரணம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. 1985-ல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. வேலையின் பளு மட்டுமல்ல, அந்த வேலையில் தன் பேச்சுக்கு இடமில்லாமல் போவதும் உடம்பைக் கெடுக்கிறது என்று அதில் தெரிய வந்தது.

ஆகவே, வேலைக் கவலையால் தூக்கம் கெடுவது கோழைத்தனம் அல்ல. வெட்கப்பட வேண்டிய விஷயமும் அல்ல.

தூக்கத்தைத் துரத்தக் கூடாது

மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் நாலு ராத்திரி தூக்கம் கெடுவது சகஜம். கணக்கு முடிந்த பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதம் தொடர்ந்து இப்படி இருந்தால், நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் டாக்டர்கள்.

காரணம் தீர்ந்த பிறகும் தொல்லை ஏன் நீடிக்கிறது? இதை 1987-ல் விளக்கியவர் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க நிபுணர். விட்ட தூக்கத்தைப் பிடிக்க மனிதன் செய்யும் காரியங்களே அதை விரட்டுகின்றன. எட்டு மணிக்கே போய்ப் படுப்பது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை புரளுவது, பகலில் இரண்டு மணி நேரம் தூங்குவது, இவையெல்லாம் சேர்ந்து இரவுத் தூக்கத்தைக் கரைத்து விடுகின்றன. விழித்தபடியே புரண்டு புரண்டு, படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மனம் பழகி விடுகிறது. அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் வைத்தியம். மாத்திரைக்கு முன்பாக இந்தப் பழக்க வைத்தியத்தையே முதலில் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரை செய்தது.

செய்ய வேண்டியவை

கண் சொக்கும்போதுதான் படுக்க வேண்டும். இருபது நிமிஷம் போல் தூக்கம் வரவில்லையானால் எழுந்துவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பு போதும். ரிச்சர்ட் பூட்சின் என்ற மனோதத்துவ நிபுணர் 1972-ல் வகுத்த முறை இது. ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் இடத்தில் எங்கே எழுந்து போவது? பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசற்படியிலோ சுவரோரமாகவோ உட்கார்ந்தால் போதும். வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். செல்போனைத் தொட வேண்டாம். கண் சொக்கியதும் மறுபடி பாயை விரிக்கலாம்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கும் நேரம் மாறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. பகலில் தலை சாய்ப்பதானால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு காப்பியைத் தவிர்ப்பது நல்லது. குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதன் வீரியத்தில் பாதியளவு உடம்பில் தங்கியிருக்கும்.

படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைக்கும் ஒரு முறையும் உண்டு. ஆனால் தறி ஓட்டுகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. பகல் கண் அயர்ந்தால் விரல் போய்விடும். உயிரே போனாலும் போகலாம்.

கவலைக்கு ஒரு நேரம்

கவலைப்படாதே என்று மனசுக்குச் சொன்னால் கேட்காது. ஆனால், 'இப்போது வேண்டாம், ஆறரை மணிக்குப் பார்க்கலாம்' என்றால் கேட்கும். சாயங்காலம் கால் மணி நேரம் உட்கார்ந்து மனசில் உள்ளதையெல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும். பக்கத்திலேயே, நாளை இதற்குச் செய்யக்கூடிய முதல் காரியம் எது என்றும் எழுத வேண்டும். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 57 இளைஞர்களைச் சோதித்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிஷம், செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரி ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

இந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. பத்து நாள் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். தெலுங்குச் சுற்றறிக்கைதான் தினமும் வருகிறது என்றால், அதற்கு மருந்து படுக்கையில் இல்லை. சக ஊழியர் ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்வதும், தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொள்வதும்தான் மருந்து. சம்பளப் பாக்கிதான் தினமும் வருகிறது என்றால், தனியாகக் கேட்கத் தயங்குகிறவர் கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து போய்க் கேட்கலாம். பகலில் தீர்க்க வேண்டிய வழக்கை ராத்திரியில் வாதாடிப் பயனில்லை.

மாத்திரையும் மதுவும்

ஒரு குவளை போட்டால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மைதான். முதல் ஜாமத்தில் தூக்கம் வரும். பின் ஜாமத்தில் அதே மது தட்டி எழுப்பிவிடும். அல்பிரசோலம், டயாசிபாம் போன்ற மாத்திரைகளை மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்கக் கூடாது. டாக்டர் சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. பழகிவிட்டால் விடுவது கஷ்டம்; திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டாக்டரிடம் எப்போது?

பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலும், விடியுமுன்பே விழிப்பு வந்து எதிலும் பற்றில்லாமல் போனாலும், மார்பு படபடப்பு நிற்காவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

மனசில் உள்ளதைச் சொல்லத் தாய்மொழி வேண்டும். அந்த வகையில் சித்தூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறையை 1957 முதல் கையாளும் இடம் அது. பஸ் ஏற முடியாதவர்களுக்கு டெலிபோன் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

பழக்க வைத்தியம் ஒரு ராத்திரியில் பலிக்காது. முதல் வாரம் தூக்கம் இன்னும் குறைந்தது போலக்கூடத் தோன்றும். அதைக் கண்டு மிரளாமல் ஆறு வாரம் விடாமல் செய்து பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், நடுராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறவரைப் பார்த்து அவர்களும் பயப்பட மாட்டார்கள்.