கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்

"கடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு சிஸ்டர், இன்னும் ஊசி போடாம என்ன பண்றீங்க?"

காவிரிப் படுகையில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அறுவடை நாட்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பதறுகிறவர்களுக்கு நிதானமாகச் சொல்ல அப்போது நேரம் இருக்காது. இங்கே சொல்கிறேன்.

கடித்தது விஷப் பாம்புதானா, விஷம் இறங்கியிருக்கிறதா என்பது தெரிய வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, இமை சரிந்தாலோ காத்திருக்க மாட்டோம். எதுவும் தெரியாதபோது 2 மில்லி ரத்தத்தை எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீராய் ஓடினால், ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களை விரியன் விஷம் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ உதவாது, முடிவு தப்பாகிவிடும். முதல் தடவை உறைந்தாலும் உடனே வீட்டுக்கு விடமாட்டோம், திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

கட்டுவிரியன் விஷயம் வேறு. அதன் விஷம் நரம்பைத் தாக்கும். குழாயில் ரத்தம் ஒழுங்காகவே உறையும். தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்பார்கள். கண் சொருகும், பேச்சு குழறும். வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்ப்பதிலும் மந்திரிப்பதிலும் அந்த நேரம் போய்விடுவதுதான் எனக்குத் தாங்காத வேதனை. மூச்சுத் தசை ஓய்ந்துபோனாலும், செயற்கை சுவாசம் கொடுத்து ஆளை மீட்டுவிடலாம். ஆனால் அதற்குள் வந்து சேர வேண்டும்.

நாங்கள் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாராவது. அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினர் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்து விற்கிறது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத்தான் இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமல் போகும், அதனால் அட்ரினலினைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம். விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவர் அளவுதான். "பச்சப் புள்ளைக்கு இவ்வளவா?" என்று பாட்டிமார்கள் அழுவார்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். வீங்கினால் அவையே சதையை இறுக்கும். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் கை காலுக்கு அணை கொடுத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் இந்த மருந்து இலவசம்.

பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் குறைந்தாலோ, முகம், கால் வீங்கினாலோ, "ஊசிதான் போட்டாச்சே" என்று இருந்துவிடாமல் அன்றே வாருங்கள்.