மேலே ஆறிய கஞ்சி

என் மூத்த பையனுக்கு அப்போது ஏழு மாதம். ராகிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி, விசிறிக் கொண்டிருந்தேன். மேலே ஏடு படிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. 'சரி, ஆறிடுச்சு' என்று நடுவில் அள்ளிக் குழந்தை வாயில் வைத்தேன். வீல் என்று ஓர் அலறல்! உதடும் நாக்கு நுனியும் சிவந்துவிட்டன. அன்று முழுக்க அவன் பால்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. அவன் அழுததைவிட நான் அழுததுதான் அதிகம்.

"ஏம்மா, நடுவுல இருந்தா எடுத்தே? கஞ்சியை ஓரமா இல்ல வழிச்சு எடுக்கணும்" என்றார் மாமியார்.

"மேல ஆறிடுச்சே அத்தை!"

"மேல ஆறிடும்மா. உள்ளே?"

அத்தை சொன்னதன் காரணம், அதே பையன் பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தை என்னிடம் ஒப்பித்தபோதுதான் புரிந்தது.

ரசத்தைப் பாருங்கள். மேலே இருப்பது ஆறினால் கனம் கூடிக் கீழே இறங்கும்; உள்ளே சூடாக இருப்பது லேசாகி மேலே வரும். இந்த ஏற்ற இறக்கம் ஓயாமல் நடப்பதால் ரசம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஆறுகிறது. வெப்பச் சலனம் என்று இதற்குப் பெயர். கெட்டிக் கஞ்சியில் அது நடக்காது. வெந்த மாவு தண்ணீரை நகரவிடாமல் பிடித்துக் கொள்கிறது. அசையாத தண்ணீரோ சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆகவே, மேல்பக்கம் ஆவியை விட்டு ஆறிவிடும். ஓரம் கிண்ணத்துக்குச் சூட்டைக் கொடுத்து ஆறிவிடும். நடுப்பாகம் மட்டும் கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கஞ்சி மேதைகளையும் விட்டு வைக்கவில்லை! அமெரிக்காவில் பிறந்து ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய ரம்ஃபோர்டு பிரபு, ஒரு பரிசோதனையை விட்டு நகர முடியாமல், தன் அரிசிக் கஞ்சியைச் சூடான இரும்பு அடுப்பின் மேல் வைக்கச் சொன்னாராம். சுமார் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தால் மேலே ஜில்லென்று இருந்தது. கரண்டியைக் கொஞ்சம் ஆழமாக விட்டு எடுத்தார். வாய் வெந்துவிட்டது! அடியிலிருந்த சூடு மேலே ஏறி வரவில்லை. ஏன் என்று யோசித்து, 1797-ல் வெளியிட்ட கட்டுரையில் இதையெல்லாம் எழுதி வைத்தார். நான் யோசிக்கவில்லை, அழுதேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கஞ்சியும் ரசமும் இப்படி என்றால், ஆவி இன்னொரு விதம். ஒரு கிராம் கொதிநீர் நம் உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது தருவது சுமார் 63 கலோரி வெப்பம். ஒரு கிராம் ஆவியோ, தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு அந்த 63-ஐயும் தருகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இட்லிக் கொப்பரையைத் திறக்கவே திறக்காதீர்கள். தனியாக இருக்கும்போதும் மூடியின் மறுபக்கத்தை முதலில் தூக்கி, ஆவியை அந்தப் பக்கமாகப் போகவிடுங்கள்.

தப்பித் தவறித் தோலில் சுட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். மாவு, பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். கைக்குழந்தையானால் டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

இப்போது அந்தப் பையனுக்கே குழந்தை பிறந்து, அதற்கும் கஞ்சி கொடுக்கிறோம். மருமகள் அதை மைக்ரோவேவ் அடுப்பில் சுட வைக்கிறாள். "ஓரமா எடும்மா" என்று அத்தை மாதிரியே சொல்லப் போய் அசடு வழிந்தேன். அந்த அடுப்பில் ஓரம்தான் பெரும்பாலும் முதலில் கொதிக்கிறது. நடுப்பாகம் பச்சென்று இருக்கிறது! அதனால் அடிவரை கரண்டியை விட்டு நன்றாகக் கிளறுகிறோம். கஞ்சி தானாகச் செய்ய முடியாத ஏற்ற இறக்கத்தைக் கரண்டி செய்துவிடுகிறது. பிறகு உள்ளிருந்து ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாய்.